சாண் தண்ணீரில் படகு ஓடுமா?



பெண்ணாடத்துக்காரனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் பக்கம் வெள்ளாற்றில் பாதி வருஷம் மணல்தான் தெரியும். ஆனால் அதே வெள்ளாறுதான் பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. அங்கே என் வகுப்புத் தோழனின் அப்பா ஃபைபர் போட் வைத்திருக்கிறார், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். முகத்துவாரத்து மணல் திட்டில் தட்டித் தட்டிப் புரொப்பல்லர் வீணாகிறது.

"தம்பி, தண்ணியப் பீச்சியே ஓடுற போட் இருக்காமே. நம்ம எஞ்சினை அப்படி மாத்த முடியுமா? கடன் வாங்கியாவது செஞ்சிடலாம்" என்றார்.

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேங்க ஐயா" என்றேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னது ஜெட் டிரைவ். நியூசிலாந்தின் ஆழமில்லாத ஆறுகளுக்காக 1950-களில் வில்லியம் ஹாமில்டன் இதை வளர்த்தெடுத்தார். எவரெஸ்ட் புகழ் ஹிலாரி 1977-இல் இத்தகைய ஜெட் படகுகளில்தான் வங்கக் கடலிலிருந்து கங்கையில் எதிர்த்து ஏறினார்.

மாற்றும் முறை இதுதான். எஞ்சினின் அடியில் உள்ள கியர் பெட்டியைப் புரொப்பல்லரோடு கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பம்பைப் பூட்ட வேண்டும். அடியில் உள்ள கம்பி வலை வழியாகத் தண்ணீர் ஏறும். இம்பெல்லர் அதைப் பின்பக்க நாசில் வழியே பீச்சும். பம்பின் வாய் படகின் அடிமட்டத்துக்கு வரும்படி எஞ்சினை உயர்த்தி மாட்ட வேண்டும். ரிவர்ஸ் கியர் கிடையாது. நாசிலுக்குப் பின்னால் ஒரு தடுப்பை இறக்கித் தாரையை முன்பக்கம் திருப்ப வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? இனிதான் கணக்கு.

அவுட்போர்டு ஜெட்டில் சுமார் 30 சதவீதத் திறன் போய்விடும். 9.9 என்பது ஏறக்குறைய 7 ஆகிவிடும். இன்னொரு சூத்திரமும் உண்டு. தாரையின் வேகத்தைப் படகின் வேகத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, அதைக் கொண்டு இரண்டை வகுத்தால் உந்துதலின் இலட்சியத் திறன் கிடைக்கும். தாரை வினாடிக்கு 20 மீட்டர் என்று வையுங்கள். படகு 10 மீட்டரில் பறந்தால் திறன் 67 சதவீதம். அதே படகு வலையும் மீனும் ஏற்றி 3 மீட்டரில் ஊர்ந்தால் வெறும் 26 சதவீதம்!

ஆக, ஜெட் என்பது வேகமாக ஓடும் இலேசான படகுக்கு. அப்படி நீர்மேல் எழும்பி ஓடும்போதுதான் சாண் தண்ணீர் போதும். நின்றால் பாரப் படகு பழையபடி அமிழும். பம்பு மணலை உறிஞ்சும். இம்பெல்லருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. மணல் அதைத் தேய்த்துவிட்டால் உந்துதல் குறையும்.

மறு வாரம் போய்ச் சொன்னேன்: "கடன் வேண்டாங்க ஐயா. திட்டு வரும்போது வேகத்தைக் குறைச்சு, எஞ்சினைக் கொஞ்சம் சாய்ச்சுத் தூக்கி ஓட்டுங்க. குளிர்விக்கிற தண்ணி போற துளை மட்டும் வெளியே வரக்கூடாது. ஒரு புரொப்பல்லர் கூடுதலா வச்சுக்குங்க."

அவர் சிரித்தார். "முடியும்னு சொல்ல மெக்கானிக் போதும். வேணாம்னு சொல்லத்தான் படிப்பு வேணும் போல."

நண்பர்களே, டிப்ளமோ வாங்குவதற்கு முன்பே எனக்குக் கிடைத்த சர்டிபிகேட் அது. எதையும் மாற்றுவதற்கு முன் ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் பேனாவை எடுங்கள்.