பொந்துத் தேனீயைப் பெட்டிக்கு மாற்றும் முறை

தாமிரபரணிக் கரையில் மருது, புளிய மரப் பொந்துகளில் இந்தியத் தேனீக்கள் குடியிருப்பதுண்டு. தீப்பந்தம் காட்டித் தேனெடுத்தால் ஒருமுறை தேன் கிடைக்கும். தேனீக் குடும்பம் அழிந்துவிடும். பெட்டிக்கு மாற்றினால் பல பருவம் தேன் எடுக்கலாம். பூசணி, பாகல், தென்னையில் காய்ப்பிடிப்பும் கூடும்.

மழையில்லாத நாளில், பிற்பகல் நான்கு மணிக்கு மேல் முகவலை அணிந்து தொடங்கவும். பொந்தில் சிறிது புகையிட்டு, உளியால் வாயைப் பெரிதாக்கவும். முதலில் புழு அறைகளைப் பார்க்கவும். புழுக்கள் நீர்ப்பை போல உப்பிச் செத்திருந்தால் அக்குடும்பத்தை எடுக்க வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் தென்னகத்தில் ஏராளமான தேனீப் பெட்டிகளைக் காலியாக்கிய 'தாய் சாக் புரூட்' நச்சுயிரி நோயின் அறிகுறி இதுவே.

நோயில்லையெனில், தேனடைகளைத் தனியே எடுக்கவும். முட்டை, புழு உள்ள அடைகளை நியூட்டன் பெட்டிச் சட்டத்தின் அளவுக்கு நறுக்கி, மரத்தில் தொங்கியவாறே மேல்பக்கம் மேலாக இருக்கும்படி வாழை நாரால் கட்டவும்.

அடுத்து ராணியைத் தேடிப் பெட்டிக்குள் விடவும்; மற்றவை பின்தொடரும். ராணி கண்ணில் படாவிட்டால், திரண்டிருக்கும் தேனீக்களை மெதுவாகக் கையால் அள்ளி இடவும். பெரும்பாலும் ராணி அதிலேயே இருக்கும். வாயிலில் ராணித் தடுப்புத் தகடு பொருத்தி, இருட்டும்வரை பெட்டியைப் பொந்தருகே வைக்கவும். பின்னர் பொந்தைக் களிமண்ணால் அடைக்கவும்.

இரவே இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு செல்லவும். அருகிலேயே வைப்பதானால் நாள்தோறும் இரண்டு மூன்று அடியாக நகர்த்தவும். இல்லையேல் தேனீக்கள் பழைய மரத்துக்கே திரும்பும்.

எறும்பு ஏறாதிருக்கப் பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைக்கவும். முதல் வாரம் இரவில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகு வைக்கவும். அடைகள் சட்டத்தில் ஒட்டியபின் நாரை நீக்கவும்.

பாறையிலும் உயர்ந்த கிளையிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீக்கு இம்முறை பொருந்தாது. அதை நெருங்க வேண்டாம்.