இறுகிய படகு எஞ்சின்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

படகின் பின்பலகைக்கு வெளியே பொருத்தப்பட்டு, கீழ்முனையிலுள்ள விசிறியால் நீரைத் தள்ளிப் படகைச் செலுத்தும் பொறியை அவுட்போர்டு எஞ்சின் என்பர். 1980-களின் தொடக்கத்திலிருந்து கேரளக் கடற்கரையில் இது விரைந்து பரவியது. துடுப்பும் பாயும் நம்பியிருந்த நாட்டுப்படகுகள் இதன் துணையால் தொலைவான மீன்களங்களை எட்டலாயின. ஆனால் அன்றுமுதல் மீனவரின் வருவாயும், சில வேளைகளில் உயிருமே, இச்சிறு பொறியின் நிலையைப் பொறுத்தவை ஆயின. கயிற்றை இழுத்தும் எஞ்சின் அசையாது இறுகிக் கிடக்கும் நாளில், அதைச் சீர்செய்வதா, புதியதை வாங்குவதா என்ற வினா எழுகிறது. இதற்கு விடை காணும் முறையை இங்கு ஆராய்வோம்.

எஞ்சின் ஏன் இறுகுகிறது?

இவ்வகைப் பொறிகளில் பல, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்படும் இருவீச்சுப் பொறிகளாகும். இவற்றின் எளிய வகைகளில் மசகெண்ணெய்க்கென்று தனித் தொட்டி கிடையாது; எரிபொருளுடன் கலந்த எண்ணெயே பிஸ்டனையும் பேரிங்குகளையும் வழுவழுப்பாக வைக்கிறது. சூட்டைத் தணிப்பது கடல்நீர். ரப்பர் இம்பெல்லர் ஒன்று அந்நீரை மேலேற்றுகிறது. எண்ணெய் குறைந்தாலும், நீர்வழி மணலாலோ உப்புப் படிவாலோ அடைபட்டாலும் பிஸ்டன் மிகையாகச் சூடேறும்.

அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும் தன்மையுடையது. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் 100 டிகிரி சென்டிகிரேடு கூடுதலாகச் சூடேறினால் அதன் விட்டம் சுமார் 0.14 மி.மீ. பெருகும். இரும்பு உருளை அதே அளவு சூடேறினாலும் 0.07 மி.மீ. மட்டுமே விரியும். இரண்டிற்கும் இடையே விடப்படும் இடைவெளியே மிகச் சிறிது. ஆகவே பிஸ்டன் உருளையின் சுவரை அழுத்தி, உராய்ந்து, அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. இது சூட்டால் நேரும் இறுக்கம்.

இரண்டாவது வகை, துருவால் நேர்வது. நெடுநாள் ஓட்டாது வைத்த எஞ்சினிலும், படகு கவிழ்ந்து நீரில் மூழ்கிய எஞ்சினிலும் ரிங்குகளும் பேரிங்குகளும் துருவேறிப் பிடித்துக்கொள்ளும்.

உண்மையில் இறுகியதுதானா?

எதையும் கழற்றுமுன் நோய் எதுவென அறிதல் வேண்டும். முதலில் விசிறியில் கயிறோ வலையோ சிக்கியுள்ளதா எனப் பார்க்க. அடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மேற்புறமுள்ள சுழற்சக்கரத்தைக் கையால் திருப்புக. நியூட்ரலில் சுழன்று, கியர் போட்டதும் நின்றுவிடுமானால் குற்றம் கீழ்ப்பகுதியில் உள்ளது. கயிறிழுக்கும் அமைப்பைக் கழற்றியதும் சக்கரம் சுழன்றால் அவ்வமைப்பே பழுதுற்றது. பிளக் துளையிலிருந்து நீர் பீறிட்டு, பின் சக்கரம் எளிதில் சுழன்றால், உருளையில் நிரம்பிய நீரே தடுத்திருந்தது எனக் கொள்ளலாம். இம்மூன்று நிலைகளிலும் புதிய எஞ்சினுக்குச் செலவிடுவது வீண்.

இவற்றிற்குப் பின்னும் அசையாவிடில், பிளக் துளைகளின் வழியே ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரு நாள் வைத்திருக்க வேண்டும். பிறகு சுழற்சக்கரத்தின் நட்டில் ஸ்பானரை மாட்டி, அது வழக்கமாகச் சுழலும் திசையிலேயே மெல்லத் திருப்புக. நீண்ட குழாயைச் செருகி முழு வலிமையுடன் திருகுவதோ, கயிற்றைப் பலர் சேர்ந்து இழுப்பதோ தவறு. அதனால் சிறிய பழுது பெரிய பழுதாகும். ஓடிக்கொண்டிருக்கையில் மூழ்கிய எஞ்சினில் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும். அதை வலிந்து திருப்பவே கூடாது.

சேதத்தை அளத்தல்

சக்கரம் சுழலத் தொடங்கியதும் பழுது நீங்கிவிட்டது எனக் கருதி உடனே கடலுக்குச் செல்வோர் உண்டு. இது ஆபத்தான தவறு. உருளையின் தலைப்பகுதியைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

சுவரில் லேசான கறையும் துருவும் மட்டும் இருந்தால், தேய்த்து மெருகேற்றி, ரிங்குகளை மாற்றினால் போதும். நகத்தை ஓட்டிப் பார்க்கையில் தடுக்குமளவு கீறல் இருந்தால், இரும்பு உருளையை ரீபோர் செய்து, அளவு கூடிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும். பிளக்கின் முனையில் அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கிறது என்பது தெளிவு. கிராங்க் தண்டின் பேரிங்குகள் துருவேறியோ ஆட்டம் கண்டோ இருந்தால் செலவு மிகப் பெருகும். கிராங்க் அறையின் அலுமினியமே உப்பால் அரிக்கப்பட்டு, போல்ட்டுகள் கழற்றும்போதே முறியுமானால், அவ்வெஞ்சினுக்குப் பழுதுபார்ப்பால் நீண்ட ஆயுளைத் தர இயலாது.

கணக்குப் பார்த்தல்

பழுதின் செலவைப் புதிய எஞ்சினின் விலையோடு மட்டும் ஒப்பிடுவது நிறைவான முறையன்று. ஓராண்டு உழைப்பிற்கு எவ்வளவு செலவாகிறது என்பதே சரியான அளவுகோல். எடுத்துக்காட்டாக, புதிய எஞ்சினின் விலையை 100 பங்கு எனவும், அது 6 ஆண்டு உழைக்கும் எனவும் கொள்வோம். பழுதுபார்க்க 30 பங்கு செலவாகி, அதன்பின் எஞ்சின் 2 ஆண்டு உழைக்கும் எனில், பழையதற்கு ஆண்டுக்கு 15 பங்கு; புதியதற்கு ஏறத்தாழ 17 பங்கு. பழுதுபார்ப்பதே இலாபம் எனத் தோன்றும்.

ஆனால் இழக்கும் தொழில்நாட்களையும் சேர்க்க வேண்டும். ஒரு நாளைய நிகர வருவாய் அரைப் பங்கு என்போம். உதிரிப் பாகம் வந்து பழுது நீங்க 20 நாளாகுமாயின் 10 பங்கு நட்டம். பழையதன் ஆண்டுச் செலவு 20 பங்காக உயர்கிறது. புதியதை வாங்க 2 நாள் போதுமெனில் நட்டம் 1 பங்கே. அதன் ஆண்டுச் செலவு 17 பங்கை ஒட்டியே நிற்கும். இப்போது விடை மாறிவிட்டது. கேரளத்தில் மழைக்காலத்தில் இழுவலைப் படகுகளுக்குத் தடையுள்ள நாட்களில் அவுட்போர்டு நாட்டுப்படகுகள் கடலுக்குச் செல்லலாம். அந்நாட்களில் எஞ்சின் முடங்குவது பேரிழப்பு. தொழில் மந்தமான காலத்திலோ இந்நட்டம் பெரிதன்று.

புதியதைக் கடனில் வாங்குவோர் வட்டியையும் மறத்தலாகாது. நூற்றுக்கு ஆண்டுக்கு 12 வட்டியில், மூன்றாண்டு மாதத் தவணையில் செலுத்தினால், வட்டி மட்டும் 19 பங்கிற்கு மேலாகும். அப்போது புதியதன் ஆண்டுச் செலவும் 20 பங்கை எட்டி, இரண்டும் சமமாகின்றன. இந்நிலையில் துலாக்கோலைச் சாய்க்க வேண்டியது கிராங்க் தண்டின் நிலையேயாகும். அது குற்றமற்றதாயின் கடன்படாதிருப்பது நன்று. அது ஐயத்திற்குரியதாயின், கரை தெரியாத தொலைவில் நின்றுவிடக்கூடிய எஞ்சினை நம்பிப் படகிலுள்ளோரின் உயிரை வைத்தல் தகாது. அத்தகைய எஞ்சினைக் கழியிலும் காயலிலும் மட்டும் பயன்படுத்தலாம்; அல்லது பிரித்து, நல்ல கார்புரேட்டர், கியர் முதலியவற்றை உதிரிகளாகப் பேணலாம்.

வருமுன் காத்தல்

எஞ்சின் ஓடும்போது பக்கத்துளையிலிருந்து நீர்த்தாரை வெளிவருகிறதா என்பதை அடிக்கடி கவனிக்க வேண்டும். அது மெலிந்தால் உடனே நிறுத்துக. கரை சேர்ந்ததும் நன்னீரால் உள்வழிகளைக் கழுவுக. எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றாது, தயாரிப்பாளர் குறித்த விகிதப்படி அளந்து கலக்குக. மூழ்கிய எஞ்சினைக் கரைசேர்த்த அன்றே நன்னீரில் அலசி, நீரை வடித்து, எண்ணெயிட்டு, மெக்கானிக்கிடம் காட்டுக. அன்று இயலாவிடில், காற்றுப்பட்டுத் துருவேறாதபடி அதை நன்னீர்த் தொட்டியிலேயே அமிழ்த்தி வைப்பது நலம். ஒருநாள் தாமதம் ஒரு கிராங்க் தண்டின் விலைக்கு ஈடாகலாம்.