தறி நின்றால் மனமும் நிற்கிறதே!

கேள்வி: பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறேன். மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றதிலிருந்து எதிலும் மனம் ஒட்டவில்லை. தூக்கமும் போச்சு. என்ன செய்ய?
- வாசகர், காஞ்சிபுரம்

பதில்: கூலி நின்றால் மனம் சோர்வது இயல்புதான். அதைச் சோம்பல் என்பவர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வேலை இல்லாத நாளிலும் வழக்கமான நேரத்துக்கு எழுந்திருங்கள். சாயங்காலம் ஏகாம்பரநாதர் கோயில் வரை நடந்து வாருங்கள். கும்பிடுவது உங்கள் விருப்பம், நடை முக்கியம். கோர்வைப் புடவையை ஒற்றை ஆளாக நெய்ய முடியாதென்று உங்களுக்குத் தெரியாததா? அதுபோலத்தான் மனப்பாரமும்: கடன், கவலை எதுவானாலும் தனியாகச் சுமக்காமல் நெருங்கியவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால், அந்த நிமிடமே அழையுங்கள்.