வீட்டுக் கூரையும் மின்சாரக் கணக்கும்

மலேசியாவின் தாமான்களில் இப்பொழுது அங்கங்கே வீட்டுக் கூரைகளில் கருநிறச் சோலார் தகடுகள் தென்படுகின்றன. "இவ்வளவு முதலை ஏன் ஓட்டின்மேல் போட்டு வைக்கிறார்கள்?" என்று நம் வர்த்தகச் சகோதரர்கள் வினவுவது நியாயமே. வெயில் மிகுந்த நாடாயிற்றே என்று பலர் சட்டென விடை கூறிவிடுவர். அவ்விடை போதாது என்பது நமது அபிப்பிராயம். வெயில் என்றும் இருந்தது. இன்று வழங்கும் சிலிக்கன் தகட்டின் மூலமான மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1954-ஆம் ஆண்டிலேயே செய்து காட்டிவிட்டனர். ஆயினும் இந்நாட்டுக் கூரைகள் அரை நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. இடையில் மாறியவை இரண்டு: ஒன்று தகட்டின் விலை, மற்றொன்று மின்சாரக் கணக்கு எழுதும் முறை.

விலையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 2010 முதல் 2020 வரை உலகச் சந்தையில் தகட்டின் விலை ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இறங்கிற்று. சரக்கு மலிந்தால் கொள்வோர் பெருகுவர் என்பதை நமக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு முறையைத்தான் நின்று கவனிக்க வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் 2014 முதல் 2025 ஜூன் வரை வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் விதத்தில் அமைந்திருந்தது. முதல் 200 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு 21.8 காசு, அடுத்த 100-க்கு 33.4 காசு, அதற்கு மேற்பட்ட 300-க்கு 51.6 காசு, அதனையும் தாண்டிய அடுத்த 300-க்கு 54.6 காசு. மாதம் 800 யூனிட் செலவழிக்கும் வீட்டின் அடிப்படைக் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள்: 341 வெள்ளி. அந்த வீட்டில் 4 கிலோவாட் தகடு போட்டதாக வைத்துக்கொள்வோம். கிலோவாட் ஒன்று மாதத்தில் சுமாராக 100 யூனிட் தரும். ஆக 400 யூனிட் கழிந்தது. மீதி 400 யூனிட்டுக்குக் கட்டணம் 128 வெள்ளி 60 காசு. யூனிட்டில் குறைந்தது பாதி. பணத்தில் குறைந்ததோ 212 வெள்ளி 40 காசு, அதாவது ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல்! தகடு கழித்தது மேற்படியிலிருந்த விலை கூடிய யூனிட்டுகளை என்பதே இதன் இரகசியம். 300 யூனிட்டோடு நின்றுவிடும் சிறு வீட்டுக்கு மொத்தக் கட்டணமே 77 வெள்ளிதான். அங்கே தகட்டுக்கு அதிக வேலையில்லை. குளிர்சாதனம் மூன்று நான்கு ஓடும் வீட்டார் முதலில் முன்வந்ததற்குக் காரணம் இதுவே.

இனி மிச்சத்தின் கதை. பகலில் விளைந்து வீட்டில் செலவாகாத மின்சாரம் கம்பி வழியே தெனாகா நேஷனலுக்குப் போய்விடுகிறது. அதற்கு என்ன வரவு? 2016 நவம்பரில் தொடங்கிய நிகரக் கணக்குத் திட்டத்தில் யூனிட்டுக்கு 31 காசு என்றார்கள். பகலில் 31-க்குக் கொடுத்துவிட்டு, அதே சரக்கை இரவில் 51-க்கும் 54-க்கும் திரும்ப வாங்க எந்த வியாபாரி உடன்படுவான்? சேர்ந்தவர்கள் சொற்பமே. 2019 ஜனவரி முதல் யூனிட்டுக்கு யூனிட் நேர்க்கழிவு என்று விதி மாறிற்று. குடும்பங்கள் முன்வரலாயின. 2021-இல் வீடுகளுக்கென ஒதுக்கிய அளவு தீரத் தீரக் கூட்டப்பட்டது. அதே வெயில், அதே கூரை. விதி மட்டுமே வேறு.

இங்கேதான் நம்மவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அத்திட்டம் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு புதியவர்களுக்கு மூடப்பட்டது. மறுநாளே கட்டண அமைப்பும் மாறியது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு, மின்சக்திக்காக 27.03 காசு, உற்பத்தித் திறனுக்காக 4.55 காசு, கம்பித் தொடருக்காக 12.85 காசு, ஆக யூனிட்டுக்கு 44.43 காசு. (1,000 யூனிட் வரை செலவழிப்போருக்குத் தள்ளுபடி தனி.) 2026 ஜனவரியில் தொடங்கிய 'சோலார் ஆத்தாப்' திட்டத்தில் வெளியே போகும் மிச்சத்துக்கு வரவு 27.03 காசு மட்டுமே. அதுவும் அந்த மாதத்துப் பில்லோடு தீர்ந்துவிடும், அடுத்த மாதத்துக்கு ஏறாது. ஆகவே பகலில் வீட்டிலேயே செலவாகும் யூனிட்டுக்கு ஒரு மதிப்பு, வெளியே போகும் யூனிட்டுக்கு வேறு மதிப்பு. நம்மவர் இல்லம் எப்படி? தகப்பனார் காலையிலேயே கடைக்குப் போய்விடுகிறார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், குளிர்சாதனம் ஓடுவதெல்லாம் இரவில். அத்தகைய வீட்டுக்குப் பெரிய தகடு நஷ்டமாகக்கூடும். பெரியவர்கள் பகலெல்லாம் இருந்து, துணி துவைப்பும் சமையலும் வெயிலிலேயே நடக்கும் வீட்டுக்கு அதே தகடு லாபம். விற்க வருபவர் 2022-இல் போட்டவரின் பில்லைக் காட்டினால் மயங்க வேண்டாம். அவருக்குப் பழைய விதி பத்தாண்டுக்கு உண்டு, நமக்கு இல்லை.

காசு மிச்சம் ஒன்றே காரணமன்று. தகட்டுக்கு 25 ஆண்டு உறுதி கொடுக்கிறார்கள்; மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டரை மட்டும் இடையில் ஒருமுறை மாற்ற நேரிடும். கால் நூற்றாண்டுக்கு வேண்டிய சரக்கில் ஒரு பகுதியை இன்றைய விலைக்கே மொத்தமாகக் கொள்முதல் செய்வதற்கு ஒப்பானது இது. ஓய்வு பெறப்போகிறவர்கள் விரும்புவது அதனால்தான். வட்டிக்கு வாங்கிப் போடலாமா என்பதற்கு மார்க்கத்தின் விடையை நாம் அறிவோம். வட்டி சேர்ந்தால் முதல் மீளும் காலமும் நீளும். அண்டைவீட்டைப் பார்த்துப் போடுவோரும் உண்டு. கலிபோர்னியா வீடுகளை ஆராய்ந்து போலிங்கர், கில்லிங்ஹாம் என்னும் இருவர் 2012-இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு வட்டாரத்தில் தகடு பெருகப் பெருக மேலும் பெருகுவதைக் கணக்கிட்டே காட்டிற்று.

சிங்கப்பூர்ச் சகோதரர்களில் பெரும்பாலோர் வீவக அடுக்குமாடிகளில் வசிப்பவர்கள், கூரை அவர்களுடையதன்று. அங்கே 2014-இல் ஆரம்பித்த சோலார்நோவா திட்டத்தின்படி கழகமே தகடு பொருத்தி, மின்தூக்கிக்கும் நடைபாதை விளக்குக்கும் அம்மின்சாரத்தைச் செலவிடுகிறது. தரை வீடு உள்ளவர்களுக்கே தனி முடிவு.

மின்வெட்டு வந்தாலும் நம் வீடு ஒளிரும் என்று எண்ணிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நடவாது. கம்பியில் மின்சாரம் நின்றால், அதைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கும்பொருட்டு இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். தனியாகப் பேட்டரியும் அதற்குரிய இணைப்பும் இருந்தால்தான் விளக்கு எரியும். அதன் விலை வேறு கணக்கு.