கித்தா மர நாற்காலி

தீபாவளி நெருங்கியதும் நாற்காலிகளைக் குழாயடிக்குத் தூக்கிச் சென்று, வாளி வாளியாக நீரூற்றிக் கழுவி, வெயிலில் காய வைப்பது நம் இல்லங்களில் வழக்கம். தூய்மை நன்றே, ஆயினும் நாற்காலிக்கு இதனினும் பெரிய கேடில்லை.

நம் நாட்டு நாற்காலிகள் பல கித்தா மரத்தால் ஆனவை. நம் பாட்டன் பாட்டியர் பால் வெட்டிய அதே மரந்தான். ஏறத்தாழ 25 ஆண்டுகள் கடந்து பால் வற்றியதும் முன்பெல்லாம் அது விறகாயிற்று. 1980ஆம் ஆண்டுகளில்தான் தளவாடத் தொழிலில் சிறப்பிடம் பெற்றது. அம்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. எனவே வண்டு எளிதில் துளைக்கும். அதனைத் தடுக்க ஆலையில் போரான் உப்பை மரத்துள் ஏற்றுகின்றனர். அவ்வுப்போ நீரில் கரைவது. மெருகு தேய்ந்த நாற்காலியை அடிக்கடி நனைத்தால் அக்காப்பு சிறிது சிறிதாக நீங்கும், மூட்டுகளும் தளரும்.

ஆகவே மாணவர்களே, பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தைப் போக்குங்கள். அடியில் மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் வண்டு புகுந்ததென அறிந்து, அந்நாற்காலியைத் தனியே வைக்கச் சொல்லுங்கள். மெருகில்லாத அடிப்புறத்தில் வண்டு முட்டையிடும். அங்கும் வார்னிஷ் பூசுதல் வேண்டும்.

கால் ஆடினால் ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளக்கும். (என் வீட்டில் ஒன்று பிளந்தது, அடித்தவன் நானே!) பழைய பசையைச் சுரண்டிப் புதுப்பசை இட்டு, கயிற்றால் இறுகக் கட்டி ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். அதுவரை தம்பி தங்கையர் அதில் ஏறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.