பாடங் கேட்டதும் ஏடு பார்த்ததும்

இக்காலத்தில் ஒருவரைப் படித்தவர் என்று சொன்னால், அவர் பல புத்தகங்களைத் தம் கண்ணாற் பார்த்து வாசித்தவர் என்று பொருள் கொள்ளுகிறோம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே தமிழ்ப் புலவர்களிடையே பெருக வழங்கிய சொல் அதுவன்று. "பாடங் கேட்டவர்" என்பதே. ஒருவரது புலமையை அறிய விரும்பினோர் அவர் எத்தனை நூல் வைத்திருக்கிறார் என்று வினவார். யாரிடம் பாடங் கேட்டார் என்றே வினவுவர். கேட்டல் என்னும் அக்கல்வியில் முற்றிலும் வளர்ந்த ஒருவர், பின்னர்ப் பார்த்தல் என்னும் வேறொரு கல்விக்கு எவ்வாறு புகுந்தார் என்பதை மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். அவர் தம் முதுமையில் எழுதிய 'என் சரித்திரம்' என்னும் நூலைப் பலர் பழைய ஏடுகளின் கதையாகப் படிக்கின்றனர். ஒரு மாணாக்கரின் கதையாகப் படிப்பதே அதனினும் பயன் தருமென்பது என் கருத்து.

உத்தமதானபுரத்தைச் சார்ந்த ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டிற் பிறந்தார். அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எழுத்து மணலிலே தொடங்கிப் பின்பு ஓலைக்கு வந்தது. அச்சிட்ட புத்தகம் அரிது. ஆகவே மாணாக்கனுடைய நினைவே அவனுக்குப் புத்தகம். மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் ஒரு பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி விடுப்பார். மறுநாட் காலையில் அதை மறவாமற் சொல்லவேண்டும். இது விளையாட்டுப்போலத் தோன்றினும், பின்னே ஆயிரக்கணக்கான செய்யுட்களைத் தாங்கவேண்டிய உள்ளத்திற்கு அதுவே முதற் பயிற்சி.

தந்தையார் சங்கீத வித்துவான். மகனும் அத்துறையிற் செல்லவேண்டுமென்பது அவர் விருப்பம். ஆங்கிலம் கற்றால் இவ்வுலக வாழ்வு செழிக்கும், வடமொழி கற்றால் மறுமைக்கு உதவும், தமிழால் இரண்டுமில்லை என்று கூறினாரும் உண்டு. எனினும் பிள்ளையின் மனம் தமிழை விட்டு அகலவில்லை. ஊர் ஊராகச் சென்று, அங்கங்கே இருந்த புலவரிடம் அவர் அறிந்த அளவு கேட்டு, அதற்குமேல் அவ்விடத்திற் கிடையாதென்று கண்டபின் வேறிடம் நாடி, இறுதியில் 1871-ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சேர்ந்தார்.

பிள்ளையவர்கள் புத்தகத்தைக் கையில் வையாமலே பாடஞ் சொல்லும் ஆற்றலுடையவர்; தாம் புதிதாக இயற்றும் புராணங்களை வாயாற் சொல்லிக்கொண்டே செல்ல, மாணாக்கர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். அவ்வாறு எழுதும் பேறு ஐயரவர்களுக்குப் பலமுறை கிடைத்தது. ஒரு செய்யுள் பிறக்கும்போதே அதனை எழுதுவது எத்தகைய கல்வி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எதுகைக்காக ஆசிரியர் எங்கே தயங்கினார், எச்சொல்லை விட்டு எச்சொல்லைக் கொண்டார் என்பன எழுதுகோலைப் பிடித்தவனுக்கே தெரியும். அங்கு உடன் கற்றாருள் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவரும் ஒருவர். சைவப் பெரும்புலவர் ஒருவரது மாணாக்கர் குழாத்தில் அவர் அன்புடன் பழகியிருந்தது நம் கல்லூரியார் நினைவிற் கொள்ளத் தக்கது.

பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தில் பாடம் தொடர்ந்தது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என நூல்கள் பெருகின. 1876-இல் ஆசிரியர் மறைந்தார். 1880-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், தியாகராச செட்டியார் வகித்த தமிழாசிரியர் பதவி ஐயரவர்களுக்குக் கும்பகோணம் கல்லூரியிற் கிடைத்தது. இருபத்தைந்து வயதிற் கல்லூரி ஆசிரியர், மகாவித்துவானின் மாணாக்கர். கற்கவேண்டியவற்றைப் பெரும்பாலும் கற்றுவிட்டோமென்று எண்ணினாலும் யாரும் குறைகூறார்.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். யாரிடம் பாடங் கேட்டீர் என்பது முதல் வினா. ஆசிரியர் பெயரைச் சொன்னபோதும் முதலியார் வியப்புக் காட்டவில்லை. என்ன நூல்கள் கேட்டீர் என்பது அடுத்தது. ஐயரவர்கள் தாம் கற்றவற்றை வரிசையாகச் சொல்லச் சொல்ல, முதலியார் அவற்றால் ஆவது என்ன என்னும் கருத்துப்படக் கேட்டு, இவற்றிற்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். சீவகசிந்தாமணியின் பெயரும் அப்பொழுது வந்தது. அந்நூலை ஐயரவர்கள் பாடங் கேட்டதில்லை. பாடஞ் சொல்வார் யாரையும் அவர் கண்டதுமில்லை. முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துத் தமக்கு அதனைப் பாடஞ் சொல்லும்படி வேண்டினார்.

இங்கேதான் அவரது கல்வியின் போக்கு மாறுகிறது. இதுவரை கேட்டவற்றுக்கெல்லாம் சொல்லித் தர ஒருவர் இருந்தார். இந்நூலுக்குச் சொல்லித் தருவார் இல்லை. முதல் இலம்பகத்தை மட்டும் பவர் துரையவர்கள் 1868-இல் அச்சிட்டிருந்தார். மற்ற இலம்பகங்களெல்லாம் கையெழுத்திலே கிடந்தன.

ஏட்டுப் பிரதியைக் கண்டறியாதார்க்கு அதன் அருமை விளங்காது. மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, காலுக்கும் ரகரத்துக்கும் வடிவு வேற்றுமையில்லை, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றே. 'காலம்' என்பது ஏட்டில் 'கரலம' என்றுதான் காணும். 'எரி' என்பது தீயா, நீர் நிறைந்த ஏரியா என்பதைப் படிப்பவரே துணியவேண்டும். செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். அவ்விடத்தில் ஐயரவர்களுக்குத் துணைசெய்தது பழைய கேள்விக் கல்வியே. எரி என்றால் ஓர் அசை, ஏரி என்றால் இரண்டு. ஓசையில் ஊறிய செவி எது பொருந்தும் என்று உடனே சொல்லிவிடும். கேட்ட கல்வி பயனற்றது, பார்த்த கல்வியே உயர்ந்தது என்று இக்காலத்துச் சிலர் பேசுவதை நான் ஒப்பேன்.

செவி உதவாத இடங்களும் இருந்தன. சிந்தாமணி சைன நூல். சைன சமயக் கொள்கைகளைத் திருவாவடுதுறையில் யாரிடம் கேட்பது? கும்பகோணத்துச் சைனர் வீட்டை நாடிச் சென்றார் ஐயரவர்கள். அவ்வீட்டில் தோரணமும் அலங்காரமுமாக இருந்தது. காரணம் வினவியபோது, பல மாதமாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதாகச் சொன்னார்கள். தமக்குப் புதையல்போல இருந்த ஒரு நூல், தம் ஊரிலே சில தெருக்களுக்கு அப்பால் வழிவழியாகப் படிக்கப்பட்டு வந்தது! கல்லூரி ஆசிரியர் அவர்களிடம் அமர்ந்து முதற் பாடம் கேட்கும் மாணாக்கரானார். வேற்றுச் சமயத்தாரிடம் சென்று கேட்பதை இழிவாக அவர் எண்ணவில்லை.

மற்றொரு தடை நச்சினார்க்கினியர் உரை. அவ்வுரையாசிரியர் பழைய அடிகளை மேற்கோளாக எடுத்துக்காட்டுவார். ஆனால் எந்நூலிலிருந்து எடுத்தார் என்று பலவிடங்களில் சொல்லார். அவர் காலத்துப் படிப்போர்க்கு அது வேண்டியிருக்கவில்லை போலும். ஐயரவர்களுக்கோ அவ்வொவ்வோர் அடியும் தாம் காணாத ஒரு நூலின் சுவடாயிற்று. அச்சுவடுகளைப் பற்றிக்கொண்டு தேடினார். தேடியவர்க்கு எட்டுத்தொகையும் பத்துப்பாட்டுமாகிய பழைய ஏடுகள் கிடைத்த இடங்களுள் ஒன்று, திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலை.

ஆசிரியரின் அருகே அமர்ந்து ஆண்டுக்கணக்காகப் பாடங் கேட்ட அதே மடம்! அவர் அங்கே அந்தாதிகளையும் புராணங்களையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்த நாட்களிலும் அவ்வேடுகள் அங்கேதான் இருந்தன. அவற்றை மறைத்தாரும் இல்லை, தடுத்தாரும் இல்லை. பாடஞ் சொல்லும் வழக்கத்தில் அவற்றுக்கு இடமில்லாமையால் அவற்றைக் கேட்பாரும் இல்லாமற் போயினர். இப்பொழுது கையிலே எடுத்துப் புரட்டியபோது, நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் விட்ட அடிகள் தத்தம் இடத்தில் ஒவ்வொன்றாகத் தோன்றின. 1887-இல் சிந்தாமணி முழுவதும் உரையுடன் அச்சில் வந்தது, 1889-இல் பத்துப்பாட்டு, 1894-இல் புறநானூறு.