ஈஸ்டருக்குப் புதிதாக என்ன சொல்வது?

பாண்டுப்,
லெந்து காலம்.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த பிரசங்கக் குறிப்பும் கிடைத்தன. ஈஸ்டர் கதை சபையில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம், விடியற்காலை நான்கு மணி ஆராதனையில் புதிதாக என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய். அரசரடி இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் எபிரேயமும் படித்துவிட்டுத் தாராவிக்கு வந்த பிள்ளை, பாண்டுப் கிழவனிடம் யோசனை கேட்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பதில் உனக்குப் பிடிக்காது. புதிதாக ஒன்றும் சொல்லாதே.

முகத்தைச் சுளிக்காதே, மேலே படி. அந்த நேரத்தில் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை கண்ணை உயர்த்திப் பார். முன்வரிசை முழுக்கப் பெண்கள். மும்பை குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி எங்கள் பாண்டுப்பில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. ஆனால் இதே பாண்டுப்பின் மேட்டுக் குடிசைகளில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று குடத்தோடு காத்திருப்பார்கள். உங்கள் தாராவியிலும் இந்தக் கதை உண்டு. விடியுமுன் எழுவது அவர்களுக்குப் பண்டிகை வழக்கமல்ல, தினசரி வேலை. சுகந்தவர்க்கத்தோடு கல்லறைக்குப் போன பெண்களும் உயிர்த்தெழுதலைப் பற்றி யோசித்துக்கொண்டு போகவில்லை. கல்லை யார் புரட்டுவார்கள் என்றுதான் பேசிக்கொண்டே போனார்கள். உன் குறிப்பில் அந்தக் கல் ஒரு தத்துவமாகிவிட்டது. அதை முதலில் கல்லாகவே விடு.

அடுத்து, உன் "மூன்று ஆதாரங்கள்". இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்கிற டூரின் துணியை எங்கே பிடித்தாய்? வாட்ஸ்அப்பில்தானே? 1988-இல் மூன்று ஆய்வகங்கள் கார்பன் சோதனை செய்து, அந்தத் துணி 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்ட காலத்தது என்றன. அந்த முடிவை இன்றும் மறுக்கிறவர்கள் உண்டு. அந்தச் சண்டையைப் பீடத்தில் ஏற்றாதே. வரலாறு வேண்டுமென்றால் நல்ல வரலாறு இருக்கிறது. பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. 1968-இல் எருசலேமில் ஓர் எலும்புப் பெட்டியில், ஆணி இன்னும் ஏறியிருந்த குதிகால் எலும்பு கிடைத்தது. சிலுவையில் அறையப்பட்ட ஒருவனை உறவினர்கள் முறைப்படி அடக்கம் செய்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. இவையெல்லாம் வெள்ளிக்கிழமைவரை நம்மைக் கொண்டுவந்து விடும். ஞாயிற்றுக்கிழமைக்கு இப்படி ஒரு கல்லோ எலும்போ கிடைக்காது, தம்பி. இருப்பது ஆட்களின் வாய்ச்சொல் மட்டும்.

அந்த ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைத்தான் நீ உன் குறிப்பில் விட்டுவிட்டாய். மாற்கு 16-ஆம் அதிகாரத்தை எடுத்து 8-ஆம் வசனத்தோடு நிறுத்திப் படி. பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டும் அந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன. நம் வேதாகமத்தில் அதன் பிறகு வரும் 12 வசனங்கள் அவற்றில் இல்லை. லூக்காவில் பெண்கள் வந்து சொன்னதை அப்போஸ்தலர்கள் வீண்பேச்சு என்று தள்ளினார்கள். யோவானில் மகதலேனா மரியாள் இயேசுவைத் தோட்டக்காரன் என்று நினைத்தாள். எம்மாவுக்குப் போன இருவர் அவரோடு பேசிக்கொண்டே நடந்தும் அவர் யாரென்று தெரியாமல் நடந்தார்கள். மத்தேயுவில், கலிலேயா மலையில் அவரைக் கண்டு பணிந்தவர்களுக்குள்ளேயே சிலர் சந்தேகப்பட்டார்கள். எழுதியவர்கள் நினைத்திருந்தால் இதையெல்லாம் மூடி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. நீ மட்டும் ஏன், எல்லாரும் உடனே நம்பி அல்லேலூயா பாடியதுபோல் எழுதியிருக்கிறாய்?

உடனே கேட்பாய்: சந்தேகத்தைப் பற்றிப் பீடத்தில் பேசினால் கமிட்டிக்காரர்கள் என்ன சொல்வார்கள்? ஐயா, அவர்களில் பாதிப் பேருக்கு உன்னைவிட அதிகச் சந்தேகம் இருக்கிறது. பண்டிகைக்கு எடுத்த வெள்ளைச் சட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். போன வருஷம் மகனைப் பறிகொடுத்தவர் அங்கே உட்கார்ந்திருப்பார். அவரிடம் மூன்று ஆதாரங்களை வாசித்தால் எழுந்துபோக மாட்டார், மரியாதைக்காரர். ஆனால் கேட்கவும் மாட்டார்.

2019 ஏப்ரல் 21-ஐ மறந்திருக்க மாட்டாய். ஈஸ்டர் காலையில் இலங்கையில் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர். நம் மொழி பேசும் சபை அது. அங்கேயும் வருஷாவருஷம் ஈஸ்டர் வருகிறது, யாரோ ஒருவர் எழுந்து பிரசங்கிக்கத்தான் வேண்டியிருக்கிறது. உன் குறிப்பின் கடைசிப் பத்தியில் "எல்லாம் நன்மைக்கே, கல்லறை இனி இல்லை" என்று முழங்கியிருக்கிறாயே, அதை அந்தப் பெற்றோர் முன்னால் நின்று வாசிப்பாயா? மாட்டாய் என்றால் தாராவியிலும் வாசிக்காதே. மரணம் தோற்றது என்று சொல், நானும் அதைத்தான் சொல்கிறேன். மரணம் வலிக்கவில்லை என்று சொல்லாதே. உயிர்த்தெழுந்த பிறகும் இயேசுவின் கைகளில் தழும்பு இருந்தது.

பெரிய வெள்ளியைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏழு வார்த்தைகளை மூன்று மணி நேரம் தியானிக்கிற வழக்கம் 17-ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டின் லிமா நகரில் இயேசு சபைத் துறவிகள் தொடங்கியது. வானத்திலிருந்து இறங்கிய சட்டமல்ல. கொஞ்சம் சுருக்கினால் பாவமில்லை. பசியோடிருக்கும் சபையைச் சோதிக்காதே. இன்னொன்று, "யூதர்கள் கொன்றார்கள்" என்று கைநீட்டிப் பேசுவதை விடு. நீயும் நானும் போய்வருகிற சென்ட்ரல் லைனில் மஸ்ஜித் என்ற ஸ்டேஷன் இருக்கிறதே, அந்தப் பெயர் பக்கத்திலிருக்கும் 1796-ஆம் ஆண்டின் யூத ஜெப ஆலயத்தால் வந்தது என்பார்கள். தானேயில் இன்னொரு ஜெப ஆலயம் இருக்கிறது. பேனே இஸ்ரேல் யூதர்கள் நம் அக்கம்பக்கத்துக்காரர்கள். சிலுவை மரணத்துக்கு உத்தரவு போட்டவன் ரோம அதிகாரி.

வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர்களைப் பண்டிகையன்று திட்டுகிற வழக்கமும் உன்னிடம் இருப்பதாகக் கேள்வி. வந்திருக்கிறவனிடம் நீ ஏன் வருவதில்லை என்று சத்தம் போடுவது என்ன நியாயம்? வாட்ச்மேன், ஹோட்டல் வேலை, ஆஸ்பத்திரி ஷிஃப்ட் என்று ஞாயிறு கிடைக்காதவர்கள் நம் சபையில் எத்தனை பேர்! டோம்பிவிலி, கல்யாண் என்று தள்ளிப்போய்க் குடியேறியவர்களுக்கு ஞாயிறு ரயில் மெகா பிளாக் வேறு. அவர்கள் வந்தார்களே என்று சந்தோஷப்படு.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஈஸ்டர் ஒரு நாள் அல்ல, பெந்தெகொஸ்தே வரைக்கும் 50 நாள். சபையின் பழைய கணக்கு அது. நாமோ நாற்பது நாள் லெந்து காலத்துக்குக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு உபவாசம் இருந்துவிட்டு, உயிர்த்தெழுதலை ஒரே காலையில் கேக்கோடு முடித்துவிடுகிறோம். அடுத்த ஞாயிறு குருவானவருக்கே தொண்டை கட்டியிருக்கும். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரை அழைத்துவிட்டு ஓய்வெடுப்பார். நீ அப்படிச் செய்யாதே. பரீட்சை முடிந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் பாதிச் சபை ஊருக்கு ஏறுவதற்கு முன்னால் உனக்குக் கிடைக்கிற சில ஞாயிறுகள் அவைதான். உண்மையான ஈஸ்டர் பிரசங்கம் அங்கேதான் இருக்கிறது.

பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு தோமா. சென்னையில் பரங்கிமலை, சின்னமலை என்று இரண்டு மலைகளை நம் மக்கள் அவர் பெயரோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பிரசங்கிகள் அவரைச் சந்தேகக்காரன் என்று ஏசிவிட்டுப் போகிறார்கள். மற்றவர்கள் பார்த்ததைத்தான் அவரும் கேட்டார். கவனி: நம்பாத அந்த ஒரு வாரமும் அவர் சீஷர்களோடுதான் இருந்தார், யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. அதற்கடுத்து பேதுருவை எடு. உயிர்த்தெழுந்தவரைப் பார்த்த பிறகும் அவர் மீன்பிடிக்கத்தான் போனார். திங்கட்கிழமை வேலைக்குப் போகிற நம் ஆட்களுக்கு இதைவிட நெருக்கமான பகுதி வேதத்தில் உண்டா? கரையில் கரிநெருப்பில் மீன் வெந்துகொண்டிருந்தது. முதலில் சாப்பாடு, கேள்வி அப்புறம்தான். மூன்று முறை மறுதலித்தவனிடம் அதைச் சொல்லிக்காட்டாமல் இயேசு மூன்று முறை வேறொன்று கேட்டார். இதற்கு ஒரு முழு ஞாயிறு போதாது.

ஆகவே, நான்கு மணிக்குச் சுருக்கமாகப் பேசு. பெண்கள் போனார்கள், பயந்தார்கள், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் பாட விடு. உன் ஈஸ்டர் பிரசங்கத்தைத் திருத்தி எனக்கு மறுபடி அனுப்ப வேண்டாம். தோமாவுக்கு என்ன எழுதினாயோ, அதை அனுப்பு.

அன்புடன்,
உன் பாண்டுப் அண்ணன்.